நான் வாசிக்காமல் விட்ட பத்தி

போன வாரம் வடலூரில் ஜெராக்ஸ் எடுக்கப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெண் பையிலிருந்து ஒரு பழைய காகிதத்தைப் பிரித்தாள். மேலே கிரீட முத்திரை. குப்பென்று அந்துருண்டை வாடை. என் ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்காமலே திரும்பி வந்துவிட்டேன். ஏன் என்று உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும்.

நெய்வேலியில் எனக்கு முதல் வேலை, சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் அலுவலகத்தில் தற்காலிக டைப்பிஸ்ட். அப்பாவுக்கு மைன்ஸில் ஷிப்ட். டைப்பிங்கில் ஹையர் பாஸ், டவுன்ஷிப் பள்ளியில் படித்த இங்கிலீஷ். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அந்த அலுவலகமே என்னால்தான் நடக்கிறது என்று எனக்கு ஒரு நினைப்பு. நான் அடித்ததெல்லாம் ஒரே நோட்டீஸ்தான். இன்ன ஊர், இன்ன சர்வே எண், பொதுக் காரியத்துக்குத் தேவைப்படுகிறது. கல்கத்தாவில் வைசிராயின் சபை போட்ட சட்டம் அது என்பார் பெரிய கிளார்க். “வெள்ளக்காரன் போயிட்டான். அவன் எழுதுனத நாம இன்னும் டைப் அடிச்சிகினு இருக்கோம்” என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். கார்பன் மை ஒட்டிய விரலோடுதான் டிபன் பாக்ஸைத் திறப்பேன்.

அந்த நோட்டீஸ்களில் ஒன்று மஜீத் பாய்க்குப் போயிற்று. சேத்தியாத்தோப்புச் சந்தையில் கயிறு வியாபாரம் செய்தவர். பக்கத்துக் கிராமத்தில் இரண்டு ஏக்கர் நஞ்சை வைத்திருந்தார். ஒரு மதியம் தகர டப்பாவோடு என் மேசைக்கு வந்தார். திறந்தால் அதே அந்துருண்டை வாடை, அதே கிரீடம்.

“டைப்பிஸ்டம்மா, இத கொஞ்சம் படிச்சி சொல்லுங்க. எங்க அத்தாவோட அத்தா வெள்ளக்காரன் பட்டாளத்துல சண்டைக்கு பாஸ்ரா வரைக்கும் போனவரு. லாட் தொரை அவருக்குக் குடுத்த நெலம் இது. எங்க வூட்டுல யாருக்கும் இங்கிலீஷ் வராதுங்க.”

வாசித்துத் தமிழில் சொன்னேன். மாட்சிமை தங்கிய மன்னருக்கு விசுவாசமாகச் சேவை செய்த இன்னாருக்கு, சந்ததி சந்ததியாக அனுபவிக்க. அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. அடியில் பொடி எழுத்தில் இன்னொரு பத்தி இருந்தது. அதை மனசுக்குள் வாசித்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அதைச் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை பழைய நிபந்தனையை யார் இப்போது எடுத்துப் பார்க்கப்போகிறார்கள் என்றும் தோன்றியது.

“இத விசாரணையில காட்டலாமுங்களா?”

“காட்டுங்க பாய்” என்றேன்.

ஆட்சேபணை விசாரணையில் அவர் சொல்வதை டைப் அடிக்க நான்தான் உட்கார்ந்திருந்தேன். அதிகாரி நல்ல மனிதர். நிதானமாகக் கடைசிவரை வாசித்தார். “பாய், இதுலயே எழுதியிருக்கே. சர்க்காருக்கு எப்ப தேவையோ அப்ப நெலத்த திருப்பி எடுத்துக்கலாம், ஈடு கேக்கக் கூடாதுன்னு.” வெறும் பட்டா காட்டிய பக்கத்து வயல்காரர்களுக்கு இழப்பீடு கிடைத்தது; ஒருவரின் மகனுக்குக் கான்ட்ராக்ட் வேலையும் கிடைத்தது. பாய் அந்தக் காகிதத்தைக் காட்டாமல் பட்டாவை மட்டும் கொண்டுவந்திருந்தால், அவருக்கும் கிடைத்திருக்கும்.

வெளியே வந்ததும் கேட்டார். “கடைசியில அப்படி இருக்குதுன்னு அன்னைக்கே பாத்தீங்களாம்மா?” குரலில் கோபமில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

“கவனிக்கலைங்க பாய்.”

“அது சரி. பொடி எழுத்தாச்சே.”

எனக்கான சமாதானத்தையும் அவரே சொல்லிவிட்டார். அவர் காகிதத்தைத் திருப்பிக் கேட்டபோது, அது ஃபைலில் சேர்ந்துவிட்டது என்றார் பெரிய கிளார்க். பாய் காலி டப்பாவோடு படியிறங்கிப் போனார்.

பிறகு ஒரே ஒரு முறை, விருத்தாசலம் பஸ்ஸில் பார்த்தேன். நகர்ந்து உட்கார்ந்து எனக்கு இடம் கொடுத்தார். கல்யாணம் ஆகிவிட்டதா, அப்பா சௌக்கியமா என்று விசாரித்தார். இறங்குகிற வரைக்கும் சொல்லிவிடலாம், சொல்லிவிடலாம் என்றே உட்கார்ந்திருந்தேன். சொல்லவில்லை. அடுத்த வருஷம் அவர் காலமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

வைசிராய் சட்டத்தை எடுத்துவிட்டு இப்போது புதுச் சட்டம் வந்துவிட்டது. அந்த அலுவலகக் கட்டடத்தை இடித்துவிட்டார்கள். அவர் ஊர் பெயரைச் சொல்லி டிக்கெட் கேட்டால் கண்டக்டருக்குத் தெரிவதில்லை. சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்த்தால், அந்த இரண்டு ஏக்கர் இருந்த இடத்தில் மண்கூட இல்லை. வெறும் காற்றுதான் இருக்கிறது.