கம்பியில் வைத்த குங்குமப் பொட்டு

இதை எழுத நாலைந்து வருஷமாகத் தயங்கினேன்.

என் டிராக்டரின் முன்னால் பாரம் தூக்கும் லோடர் பக்கெட் சமமாக இருக்கிறதா என்று சீட்டிலிருந்து தெரியாது. அதனால் பக்கெட்டோடு ஒரு கம்பியை இணைத்து, ஒரு குழாய்க்குள் அது நகரும்படி நானே செய்தேன். அடையாளத்துக்குப் பெயிண்ட் அடிக்காமல், சிதம்பரம் நடராஜரை நினைத்துக் கம்பியில் குங்குமப் பொட்டு வைத்தேன். பொட்டு குழாயின் விளிம்புக்கு வந்தால் பக்கெட் சமம்.

ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவிய என் மனைவி, "மாமா, பொட்டு அழிஞ்சிடுச்சி. இங்கதான வெக்கணும்? வந்து பாருங்க" என்றாள்.

திரும்பிக்கூடப் பார்க்காமல், "வையி, சாமி பாத்துக்கும்" என்றேன்.

மறுநாள் விடியலில், சிதம்பரம் பக்கத்துக் கிள்ளையில் கரை மூடுபனியில் மிதந்தது. தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. படகு எஞ்சினைப் பக்கெட்டில் ஏற்றி, கனவில் ஓட்டுவதுபோல் பொட்டையே பார்த்துக்கொண்டு உயர்த்தினேன்.

"மாமா, சாயுது!" என்று கத்தியபடி கீழே நின்ற மச்சான், என் மனைவியின் தம்பி, விலகித் தாவினான். அவன் நின்ற இடத்தில் எஞ்சின் விழுந்து சேற்றில் புதைந்தது. பொட்டு குழாயின் விளிம்பில்தான் இருந்தது; கம்பியில் அது இடம் மாறி வைக்கப்பட்டிருந்தது.

வீட்டில் எல்லோர் முன்னாலும், "எல்லாம் உங்க அக்கா வெச்ச பொட்டாலதான்டா" என்றேன். அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். இன்றும் விசேஷங்களில் சொந்தக்காரர்கள், "தம்பிக்கே பொட்டு வெச்சவளாச்சே" என்று கேலி செய்கிறார்கள். அவளும் சிரிக்கிறாள்.

அவள் கேட்டாள். நான் பார்க்கவில்லை. யாரிடமாவது இதைச் சொன்னால், தயவுசெய்து அப்படியே சொல்லுங்கள்.