மகாலிங்கம் அண்ணன் வெட்டிய படங்கள்

மகாலிங்கம் அண்ணன் போய்விட்டார். காலையில் வட்டகொடையிலிருந்து அவர் மனைவி போன் பண்ணினார்... நெஞ்சு வலியாம்.

ஹட்டன் பிரஸ்ஸில் என் பக்கத்துக் கம்ப்யூட்டர் அவருடையது. கல்யாண கார்டு, கோயில் நோட்டீஸ் எல்லாம் இருவரும் செய்வோம். மரண அறிவித்தல் வந்தால் மட்டும் அவர்தான்.

தேயிலைத் தோட்டத்தில் யார் தனியாக நின்று போட்டோ எடுக்கிறார்கள்? பத்துப் பேர் நிற்கும் சடங்கு வீட்டுப் படத்தைக் கொண்டுவந்து "மூணாவது ஆளுங்க" என்பார்கள். அந்த மூன்றாவது ஆளைக் கிராப் பண்ணி, தோளில் கிடக்கும் அடுத்தவர் கையையும் அழித்துவிடுவார்.

ஒரே ஒரு தடவை சறுக்கினார். ஒரு கங்காணியின் படத்தை நோட்டீஸுக்குள் வைத்த பிறகு கிராப் பண்ணிவிட்டார். அப்படிச் செய்தால் வெட்டிய பாகம் போகாது, ஒளிந்துதான் இருக்கும். ஃபைலை வேறு கம்ப்யூட்டரில் திறந்ததும் வெளியே வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை. "அமரர்" என்பதற்கு மேலே கங்காணியும் படத்தில் பக்கத்தில் நின்ற அவர் மச்சானும் ஜோடியாக... டவுன் முழுக்க ஒட்டியாயிற்று.

மச்சான் பிரஸ்ஸுக்கே வந்துவிட்டார். "சாவு வூட்டுக்குப் போனா எனக்கும் ஒரு மாலை கொண்டாந்திருக்காங்க! நான் செத்துட்டேனா?"

அண்ணன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார், "இல்லீங்க. அவரு போயிட்டாரு. நீங்க போட்டோவுல மீதி."

அன்றிலிருந்து எங்களுக்குச் சட்டம் போட்டார். "மொதல்ல படத்த வெட்டித் தனியா சேவ் பண்ணுங்க. அப்புறம் நோட்டீஸுக்குள்ள வைங்க."

ஊருக்குத்தான் உபதேசம்...

"தம்பி, நோட்டீஸ் ரெண்டு மணிக்குள்ள வேணும். அவரு தனியா நிக்கிற படம் ஒன்னுகூட இல்லப்பா" என்று காலையில் போனில் அண்ணன் மனைவி அழுதார். எனக்கும் தாங்கவில்லை.

அவருடைய பிரஸ் ஐடி கார்டு ஃபைல் ஞாபகம் வந்தது. நீலச் சட்டை, நல்ல சிரிப்பு, தனி ஆள். தோள் கொஞ்சம் கூடுதலாகத் தெரியட்டும் என்று ஃபிரேமை இழுத்தேன். ஓரத்தில் ஒரு மாலை. இன்னும் இழுத்தேன்... நான்! பக்கத்தில் என் மனைவி.

என் கல்யாணப் படத்தில் மாப்பிள்ளையையே வெட்டியிருக்கிறார் மனுஷன். அதுவும் தன் சட்டத்தையே மீறி. என் தோளில் அவர் கை.

அந்தக் கையை வெட்ட எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே நோட்டீஸைப் பார்ப்பவர்கள் கவனிக்கவும். ஓரத்தில் தெரியும் மாலை போட்ட தோள் என்னுடையது. எனக்கு யாரும் மாலை கொண்டுவர வேண்டாம்.

நான் மீதிண்ணே... நீங்க போயிட்டு வாங்க.