பல் தெரியச் சொல்ல வேண்டிய சொற்கள்

கனடாவின் ஸ்காபரோவில் ஒரு நூலகத்தின் பின்னறை. தங்கையின் மகள் அபிரா இங்கே கொரியர்களுக்கு ஆங்கில உச்சரிப்புப் பழக்குகிறாள். விருந்தாளியாக வந்த நான் அவளுடைய காரில்தான் வீடு திரும்ப வேண்டும் என்பதால் மூலையில் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்று வந்திருப்பவர் ஒரே ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும். நாளை முதியோர் இல்லமொன்றில் வேலைக்கு நேர்முகம். மேற்பல் கீழுதட்டைத் தொட்டால்தான் ‘ஃபைவ்’, ‘ஃபாதர்’ எல்லாம் சரியாக வருமாம். அபிரா கைக்கண்ணாடியைக் காட்டுகிறாள். ஆனால் பல் தெரியும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் கை வாயை மூடிக்கொள்கிறது. உடனே என்னைப் பார்க்கிறார்.

நான்தான் தடையோ? எழுந்து கதவுப் பக்கம் போகிறேன்.

“மாமா, எங்க போறியள்?”

“அவவுக்கு வெக்கமாக் கிடக்குப் பிள்ளை. நான் வெளியில நிக்கிறன்.”

“நாளைக்கு இன்டர்வியூவில ஆம்பிளையளும் இருப்பினம். அவையையும் வெளியில அனுப்பேலுமே? ப்ளீஸ், இருங்கோ.”

இருப்பது மரியாதையா, போவது மரியாதையா? எனக்கு விளங்கவில்லை. கடைசியில் கதிரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப்போட்டு உட்காருகிறேன்.

“ஐயோ மாமா!” என்று அபிரா சிரிக்கிறாள். அந்தப் பெண்ணும் சிரிக்கிறார். முதலில் கைக்குள் அடங்கிய சிரிப்பு, பிறகு அடங்காமல் அறை முழுதும் கேட்கிறது.

யாரோ தோளைத் தொடுகிறார்கள்.

“சார், ப்ளீஸ், ஃபேஸ் மீ.”

திரும்புகிறேன். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்தபடியே அவர் அடுத்த சொல்லைச் சொல்கிறார். கண்ணை எங்கே வைப்பதென்று எனக்குத்தான் தெரியவில்லை.