மிஸ் வாயால் வந்த ‘பத்தி’

கல்லடிப் பாலத்தில், மேசன் பாஸுக்குப் பின்னால் அவருடைய வேலையாட்கள் நாங்கள் நடந்துகொண்டிருந்தோம். வேலையை விட்டுவிட்டு வந்திருந்தோம். திரும்பியிருந்தால் வாவிக் கரையில் ஒல்லாந்தர் காலத்துச் சித்திரக்கூடமும், முற்றத்தில் தனியாக நின்ற மிஸ்ஸும் தெரிந்திருக்கும். நான் திரும்பவில்லை.

மிஸ் இந்த ஊரில் பிறந்து கொழும்பில் படித்த கட்டடக் கலைஞர். கூடத்தைப் பெருப்பிக்கப் புதிய பகுதி ஒன்றை வரைந்திருந்தார். பழைய முருகைக்கல் சுவரைத் தொடாமல், இடைவெளி விட்டு, புதியது தன் தூண்களிலேயே நிற்க வேண்டும். எங்களுக்கு அது விளங்கவில்லை. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். வாகரையில் வீட்டைக் கடல் கொண்டுபோன பிறகு எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. போன ஊரிலெல்லாம் வீட்டைப் பெருப்பிப்பது என்றால் சாய்ப்பாகப் பத்தி இறக்குவதுதான். பழைய சுவரில் துளை போட்டு, கூரை மரத்தைச் செருகி, சரித்து இறக்குவோம். சொல்லிச் சொல்லி அலுத்த மிஸ் ஒருநாள், “சரி, பத்தி எண்டே வெச்சுக்கொள்ளுங்க” என்று சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனார். திரும்பி வந்தபோது கூரை மரங்கள் ஒரு முனையில் புதிய தூண்களிலும், மறுமுனையில் பழைய சுவருக்குள்ளும் இருந்தன. உள்ளே, படங்கள் தொங்கிய பக்கத்தில், வெடிப்பு கீழே வரை ஓடியிருந்தது.

“தனியா நிக்கணும் எண்டுதானே சொன்னன் பாஸ்.”

“பத்தி எண்டா சாயத்தானே செய்யும் மிஸ். காத்திலயா சாய்க்கிற? பத்தி எண்டு வாயால சொன்னதும் நீங்கதான்.”

சிலர் சிரித்தார்கள். மிஸ் வெடிப்பின் மேல் கையை வைத்திருந்தார்.

“ஓம், நான்தான் சொன்னன். பிழை எனக்கு. ஆனா மரத்த எடுக்காட்டி மாரி மழைக்குச் சுவர் நிக்காது. இறக்குங்க.”

ஏற்றியதைத் தானே இறக்குவது பாஸுக்கு மானக்கேடு. “வாங்கடா” என்றார். வந்துவிட்டோம்.

நான் வேலை செய்த இடங்களில் எத்தனையோ சுவர்கள் வெடித்திருக்கின்றன. பழி மேலிருந்து இறங்கி இறங்கி, கடைசியில் சாந்து குழைத்தவன் தலையில் நிற்கும். மேலே நின்ற ஒருவர் அதைத் தானே எடுத்துக்கொண்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குப் பிறகும் பார்த்ததில்லை; இப்போது எதிர்பார்ப்பதுமில்லை.

மறுநாள் காலையில் போனேன். மிஸ் மட்டும் இருந்தார்.

“பாஸ் வரல்லயா?”

“இல்ல மிஸ்.”

“இறக்கி முடிஞ்சா பாஸ் உங்கள சேக்க மாட்டார், உங்களுக்கு இங்க வேலை இல்ல. தெரியும்தானே?”

“தெரியும்.”

பழக்கத்தில் ஏணியைப் பழைய சுவரில் சாய்க்கப் போனேன். பிறகு எடுத்துப் புதிய தூணில் சாய்த்தேன். மிஸ் வந்து ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டார். நான் ஏற்றிய மரங்களை நானே கழற்றத் தொடங்கினேன்.