ஆணி காலியாக இருக்கட்டும்

புதியதைப் பழையதாக்குவது என் பொழுதுபோக்கு. கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஊரே பழையதைத் தேய்த்துப் புதியது என்று விற்கும்போது இவன் மட்டும் தலைகீழாக நிற்கிறானே என்பார்கள். நிற்கிறேன்தான், அதற்கென்ன? தினமும் வேலைக்குப் பெங்களூர் போய் வருகிறவன், அங்கே பழைய சாமான் விற்பவர்களிடம் சாவி கொடுக்கும் கைக்கடிகார மெஷின்களைப் பொறுக்கி வருவேன். டயல், முள், கூடு எல்லாம் தபாலில் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில், தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்தக் காலத்து மாடல்களைப் போலவே பூட்டுவேன். டயலைக் கெட்டியான டீத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்தால் பழுப்பேறும். கூட்டை இரும்பு நாரால் தேய்த்தால் ஒரு ஆயுள் முழுக்க யாரோ கட்டியிருந்த மாதிரி ஆகிவிடும்.

ஒரு கண்டிப்பு மட்டும் வைத்திருந்தேன். அசல் என்று சொல்லி எதையும் யாரிடமும் கொடுத்ததில்லை. கேட்டால், நான் செய்தது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். போலி செய்கிறவன் வேறு, பொய் சொல்கிறவன் வேறு என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தேன்.

அப்பாவிடம் ஒரு கைக்கடிகாரம் இருந்தது. கல்யாணத்துக்கு வாங்கியது. சுரங்கத்துக்குள் தண்ணீர் சொட்டும், கல்தூசி பறக்கும் என்று ஷிப்டுக்குப் போகும்போது அதைக் கழற்றி வாசற்கதவுக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். திரும்பி வந்ததும், கொல்லையில் அண்டாவில் கொதிக்கும் வெந்நீரில் குளித்துவிட்டு எடுத்துக் கட்டிக்கொள்வார். அதனால் எங்கள் வீட்டில் யாரும் அப்பா எங்கே என்று கேட்டதில்லை. ஆணியில் கடிகாரம் தொங்கினால் அவர் பூமிக்குள் இருக்கிறார், ஆணி காலியாக இருந்தால் வீட்டில் இருக்கிறார்.

கடைசி நாளில் என்ன அவசரமோ, கையில் கட்டியபடியே போய்விட்டார். குழாயடியிலிருந்து வந்த அம்மா காலி ஆணியைப் பார்த்து, வீட்டில்தான் இருக்கிறார் என்று கொல்லைப்பக்கம் போய்க் கூப்பிட்டாளாம். அப்போதுதான் தரை ஆடி, அலமாரியில் இருந்த பாத்திரமெல்லாம் சரிந்தது. கீழே பாறை வெடித்திருந்தது. அப்பா வேலை செய்த ஆழத்து லெவலுக்கு யாராலும் போக முடியவில்லை. பிறகு சுரங்கத்தையே மூடினார்கள், தண்ணீர் ஏறிவிட்டது. அப்பா மேலே வரவே இல்லை. உடம்பைப் பார்க்காமல் காரியம் செய்ய மாட்டேன் என்று அம்மா பிடிவாதமாக நின்றாள். இன்றுவரை பொட்டை அழிக்கவில்லை.

வேறெதிலும் அவளிடம் மாற்றம் இல்லை. ரேஷனில் சண்டை போடுவாள், என் சமையலைக் கிண்டல் செய்வாள். ஆனால் பகல் நேரத்தில் நான் சத்தமாகப் பேசினால் மட்டும், மெதுவா பேசு என்று கையமர்த்துவாள். அப்பா நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் காலத்துப் பழக்கம் ஒட்டிக்கொண்டது என்று நினைத்துக்கொள்வேன்.

எனக்கு அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்தது. கடிகாரம் மட்டும் மறக்கவில்லை. முகம் மறப்பது எனக்குப் பயமாக இருந்தது. அதனால்தான் அந்தக் கடிகாரத்தைப் போலவே ஒன்றைச் செய்ய உட்கார்ந்தேன். கல்யாண போட்டோவைப் போனில் படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து முள்ளையும் எண்களையும் தேடிப் பிடித்தேன். போட்டோ கறுப்பு வெள்ளை. டயல் என்ன நிறம் என்று அம்மாவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். ஆறின பாலில் ஆடை கட்டுமே, அந்த நிறம் என்றாள். எதற்கு என்று கேட்கவில்லை. டீயில் பலமுறை நனைத்த பிறகுதான் அந்த நிறம் வந்தது.

முடித்த அன்று அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். எப்படி இருக்கிறது என்று பார்க்க எனக்கு வேறு இடம் தோன்றவில்லை. அந்த ஆணியில் மாட்டினேன். எட்ட நின்று பார்த்தேன். சரியாக இருந்தது, தேவைக்கு மேல் சரியாக இருந்தது. அப்படியே விட்டுவிட்டு, வேறு வார் வாங்கலாம் என்று கடைத்தெருவுக்குப் போனேன்.

திரும்பி வரும்போது கொல்லையிலிருந்து விறகுப்புகை எழுந்துகொண்டிருந்தது. வீட்டில் ஹீட்டர் வந்த பிறகு யாரும் அங்கே அடுப்பு மூட்டியதில்லை. போய்ப் பார்த்தேன். பரணில் கிடந்த செப்பு அண்டாவை எப்படித்தான் தனியாக இறக்கினாளோ, நிறைய தண்ணீர் ஊற்றி அடுப்பில் ஏற்றியிருந்தாள். துவைத்த துண்டு கொடியில் கிடந்தது. அம்மா அடுப்பின் முன்னால் குந்தி விறகைத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

அது அப்பாவுடையது இல்லை, நான் செய்தது என்று அவசர அவசரமாகச் சொன்னேன்.

"தெரியும்டா. கிட்ட போனாலே டீத்தூள் வாசன அடிக்குது," என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. "தெரிஞ்சும் கை கேக்கல."

நானும் அவள் பக்கத்தில் குந்தினேன். தண்ணீர் கொதிக்க ஆரம்பித்தது. கொஞ்ச நேரம் கழித்து, யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"இத்தினி வருசமா ஆணி காலியா கெடந்துச்சு. ஊட்லதான் கீறாருன்னு நானும் ஓட்டிக்கினு இருந்தேன். நீ இன்னாடான்னா அவர மறுபடியும் கீழ அனுப்பிட்ட."

எழுந்து உள்ளே போய், ஆணியிலிருந்து கடிகாரத்தை எடுத்து என் கையில் கட்டிக்கொண்டு வந்து நின்றேன். அம்மா என் மணிக்கட்டைப் பார்த்தாள். கழுத்தைத் திருப்பி, கொல்லைக் கதவு வழியாகத் தெரிந்த காலி ஆணியைப் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெந்நீர் வீணாகிறது, போய்க் குளி என்றாள். சட்டையோடு கடிகாரத்தையும் கழற்றப் போனேன்.

"அத மட்டும் கழட்டாத."

இடது கையைத் தூக்கிப் பிடித்தபடி குளித்தேன்.

அதன்பிறகு நான் வேறு கடிகாரம் செய்யவில்லை. இதைக் கழற்றவும் இல்லை, தூங்கும்போதும்கூட. போன வாரம் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் என் கையை வெகுநேரம் பார்த்துவிட்டு, நல்ல பழைய கடிகாரம், அப்பாவுடையதா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டேன். மெதுவா பேசு என்று சமையலறையிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள். யார் தூங்குகிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரியும். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.