சாமிக்குப் பறித்த ரோசாப்பூ

யாழ்ப்பாணத்தில் வழக்கறிஞராக இருந்த என் கணவர், மெல்பேர்னில் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே மறுபடி சட்டம் படித்தார். கடைசிப் பரீட்சையும் எழுதிவிட்டு, இங்கே வழக்கறிஞராகப் பதிவு கிடைக்கக் காத்திருந்தார். ஒரு சின்னக் களவு வழக்கு வந்தாலும் அவ்வளவுதான், எல்லாம் பாழ்.

அப்படிப்பட்ட மனிதர்தான் தினமும் காலையில் குளித்து, வேட்டியும் திருநீறுமாகப் போய், பக்கத்து வீட்டுக்காரியின் வேலியோரத்து ரோசாப்பூக்களைச் சாமிப் படத்துக்குப் பறித்துவந்தார். எங்கள் ஊரில் சாமிப் பூவுக்கு யாரும் யாரிடமும் கேட்பதில்லை. எட்டிய கொப்பை வளைத்துப் பறிப்போம். இங்கே அது சரிவருமா என்று கேட்டேன்.

"கடவுளுக்குத்தானே, ஆர் வேண்டாமெண்டு சொல்லப்போகினம்?" என்றார். படித்தவரிடம் வேறென்ன பேசுவது.

ஒரு சனிக்கிழமை பொலிஸ்காரர் வந்து கதவைத் தட்டினார். பின்னால் பக்கத்து வீட்டுக்காரி, முகம் சிவந்துபோய். வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டதே.

சட்டை போட உள்ளே வந்த என் கணவர், குசினியில் அடுப்பருகே நின்ற என்னிடம் விரல் மடக்கி எண்ணிச் சொன்னார். இங்கிலாந்தின் புதிய களவுச் சட்டம் மெல்பேர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்துக்கு அப்போதுதான் வந்திருந்தது. அவருக்கு அது தலைகீழாகப் பாடம்.

"பூ ஒரு பொருள். அவவின்ர பொருள். எடுத்தது நான். திருப்பிக் குடுக்கிற எண்ணமும் இல்லை. இனி நேர்மையில்லாமல் எடுத்தனானோ எண்டதுதான் மிச்சம். அதுவும் சேர்ந்தால் களவு."

"சேராட்டி?"

"கேட்டிருந்தால் அவ தந்திருப்பா எண்டு நான் உண்மையா நம்பியிருந்தால் களவில்லை. நம்பித்தான் எடுத்தனான். அதை ஆர் நம்புவினம்?"

வாசலில் நின்று பொலிஸ்காரரிடமும் இதையே ஆங்கிலத்தில் சொன்னார். பொலிஸ்காரர் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரிக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கூடை நிறையக் கொடுத்திருப்பேனே, இந்த மனிதருக்கு வாயில்லையா என்று பொரிந்து தள்ளினாள்.

பொலிஸ்காரர் அவள் பக்கம் திரும்பினார். அப்படியென்றால் இவர் நினைத்தது சரிதானே என்றார். இனிமேல் கேட்டுவிட்டுப் பறியுங்கள் என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

என் வயிற்றில் பாலை வார்த்ததுபோல இருந்தது. அவள் எங்கள் வாசலிலேயே நின்று இன்னும் திட்டிக்கொண்டிருந்தாள். திட்டட்டும், நன்றாகத் திட்டட்டும் என்று கதவைத் திறந்தபடியே வைத்திருந்தேன்.