கழுத்துக் கட்டியும் குத்தூசியும்

அன்று தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அந்த அறைக்குள் நான்கே பேர்: டாக்டரம்மா, நான், என் மனைவி, அவளுடைய அக்கா. என் கழுத்திலிருந்து வெட்டியெடுத்த கட்டியின் ரிப்போர்ட் மேசைமேல் கிடந்தது.

கட்டி வந்த புதிதில் பொன்னுக்கு வீங்கி என்று நினைத்துவிட்டோம். கழுத்தில் தங்கம் போட்டால் வடிந்துவிடும் என்பார்கள். எங்கள் வீட்டில் ஏது தங்கம்? சவூதியிலிருந்து தன் கணவர் கொண்டுவந்த சங்கிலியை அக்காதான் கழற்றிக் கொடுத்தார். கீழ்வேளூர் கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை தூக்குகிறவன் நான். மூன்று வாரம் மூன்று பவுனோடு மூட்டை தூக்கினேன். "மாப்பிள்ளை வர்றாரு, வழி விடுங்கடா!" என்று ஒரே கேலி. கட்டி வடியவில்லை. பிறகுதான் புற்றோ என்ற பயம் பிடித்தது, சோறு இறங்கவில்லை. கட்டியை எடுக்க அதே சங்கிலியை அடகு வைத்தோம்.

டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "கேன்சர் இல்லீங்க. வைரஸ் காய்ச்சல்ல நெறி கட்டியிருக்கு."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. "உள்ள வைரஸ் இருக்குன்னு உடம்புக்கு எப்படிம்மா தெரியும்?"

"ஒவ்வொரு செல்லும் உள்ள இருக்கிறதுல ஒரு துண்டை எடுத்து வெளியில காட்டும். டி செல்னு வெள்ளை அணுங்க அதைத் தொட்டுப் பாத்துக்கிட்டே போகும். ஒவ்வொண்ணுக்கும் ஒருவிதத் துண்டுதான் பொருந்தும். வைரஸ் துண்டு பொருந்திடுச்சுன்னா, அந்த செல்லை அழிச்சிடும். தானும் பலமடங்கு பெருகும். அதான் வீக்கம்."

எங்கள் நிலையத்தில் மூட்டையைப் பிரிக்காமல் குத்தூசியால் குத்தி, வரும் ஒரு பிடி நெல்லை உள்ளங்கையில் பார்ப்பார்கள். அதேதான் என்று தோன்றியது. உடனே அடுத்த பயம்.

"கேன்சர் செல்லும் காட்டுமாம்மா?"

"காட்டும். ஆனா அதுவும் நம்ம செல்லுதானே, பெரிசா வித்தியாசம் தெரியாது. சிலது காட்டாமலே மறைச்சிடும்."

"எங்க ஊருலயும் மூட்டையில நல்ல நெல்லை மேல போட்டு, பதரை அடியில வைப்பாங்கம்மா. நீங்க குத்தின இடத்துல மட்டும் நல்ல நெல்லு இருந்திருந்தா?"

"எட்டாவதுல நின்னவருக்குக் கேள்வியப் பாரு!" என்றாள் மனைவி.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நாங்க குத்திப் பாக்கலீங்க. மூட்டையையே கொட்டிப் பாத்துட்டோம். முழுக் கட்டியையும் எடுத்து, சீவிச் சீவிப் பாத்தாச்சு. பதர் இல்ல."

அப்போதுதான் மூச்சு வந்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும் பஸ்ஸில் மாதக்கணக்கில் இல்லாத ஒரு சாதாரணக் கவலை வந்தது. அது எவ்வளவு சுகமாக இருந்தது! அக்காவின் சங்கிலியை மீட்க, அடகுக் கடையில் இன்னும் நாலாயிரத்து இருநூறு ரூபாய் பாக்கி.